கேமரன் மலைக்கு மின்சார மகிழுந்தில்

பேராக்கிலுள்ள தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. வழியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி பயணிகளை ஈர்க்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது.

மலையேறும்போது மின்சார மகிழுந்தின் மின்கலம் விரைவாகக் குறையும். 1,800 கிலோகிராம் எடையுள்ள வண்டியை 1,400 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே ஏறத்தாழ 7 கிலோவாட் மணி ஆற்றல் தேவை. சமவெளியில் அதே ஆற்றலைக் கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் செல்லலாம்.

இறங்கும்போது நிலைமை மாறுகிறது. ஓட்டுநர் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும், உருளும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. அப்போது மோட்டார் மின்னாக்கியாகச் செயல்படுகிறது. அது வண்டியின் வேகத்தைக் குறைப்பதோடு, மின்கலத்திற்கு மின்சாரத்தையும் அனுப்புகிறது. எனினும், ஏறும்போது செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை.

மலையுச்சியில் மின்கலத்தை முழுமையாக நிரப்புவது நல்லதன்று. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியுமா? மின்கலத்தில் இடமில்லையெனில், மோட்டாரின் தடுக்கும் திறன் குறையும். சக்கரங்களின் பிரேக்குகள் அதிகம் உழைத்துச் சூடேறும். ஆகவே, ஏறுவதற்குமுன் அடிவாரத்தில் போதிய மின்னேற்றம் செய்துகொள்ள வேண்டும். இறங்குவதற்குமுன் மின்கலத்தில் சிறிது இடம் விட்டுவைக்க வேண்டும்.