பால்மரத்துக்கு ஏன் சிற்பி வாய்க்கவில்லை?

மலேசிய நவீனச் சிற்பக்கலையைப் பற்றிப் பேசுவோர், அந்தோணி லாவ் 1960இல் மரத்தில் செதுக்கிய ‘நெருப்பின் ஆவி’ என்னும் படைப்பிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். 1933இல் ஜொகூர் பாருவில் பிறந்து, இங்கிலாந்தில் கலை பயின்று திரும்பி, ஆசிரியர் பயிற்சிக் கல்வியில் பணியாற்றிய இவர், தேசியக் கலைக்கூடம் கோலாலம்பூரில் திறக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் கடந்திருந்த அக்காலத்தில், தழல் நெளிந்தெழும் வேகத்தையே சிற்பத்தின் பொருளாக்கினார். ஒரு மனிதரையோ விலங்கையோ ஒத்திருக்க முயலாமல், திரட்சி, வெற்றிடம், பரப்பு ஆகியவற்றின் உறவாலேயே பார்ப்பவரிடம் பேசும் படைப்பு அரூபச் சிற்பம் எனப்படும். உலோகத்திலும் கண்ணாடி இழையிலும் இவ்வகைச் சிற்பங்கள் பின்னர் பெருகினாலும், மரத்தில் செய்யும்போதுதான் சிற்பியின் எண்ணமும் பொருளின் பிடிவாதமும் நேருக்கு நேர் மோதுகின்றன.

வெட்டிய பின்னும் மரம் அடங்குவதில்லை. பச்சை மரம் உலரும்போது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிட வளையங்களின் போக்கில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குவதால், முழுத் தடியொன்றைச் செதுக்கி வைத்தால் அது நடுவிலிருந்து விளிம்புவரை வெடித்துவிடுகிறது. இதைத் தவிர்க்கவே பல சிற்பிகள் உட்புறத்தைக் குடைந்துவிடுகின்றனர். ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1954-55இல் நைஜீரியாவிலிருந்து வந்த குவாரியா மரத்தில் ‘கொரிந்தோஸ்’ சிற்பத்தைக் குடைந்து, உட்புறத்துக்கு வெண்மை தீட்டியபோது, ஒளி நுழையும் குகை போன்ற அழகும், மரத்துக்குள் அடைந்திருக்கும் இறுக்கத்தின் தளர்ச்சியும் ஒரே செயலில் கைகூடின. கோலாலம்பூரை உள்ளடக்கிய, ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சிக்கல் இரட்டிப்பாகிறது. பட்டறையின் ஈரத்துக்குப் பழகிய மரம் குளிரூட்டப்பட்ட கூடத்துக்குள் நுழைந்ததும் மீண்டும் உலர்ந்து பிளக்கத் தொடங்குகிறது, வெளியில் நிறுத்தினால் கரையானும் பூஞ்சையும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இவற்றைத் தாங்கவல்லது செங்கால் மரம். தீபகற்பக் காடுகளில் மெதுவாக வளர்ந்து, கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையேறி, உளியை அடிக்கடி தீட்டவைக்கும் அளவுக்கு வைரம் பாய்ந்த மரம் அது. ‘வைரம்’ என்பது முதிர்ந்த உள்மரத்தையும், ‘வெளிறு’ என்பது பட்டையை ஒட்டிய இளமரத்தையும் குறிக்கும் தச்சர் வழக்கு. வீட்டுக்கும் படகுக்கும் பாலத்துக்கும் தேடப்படும் இம்மரம் இப்போது கிடைப்பதரிதாகி விலையும் ஏறிவிட்டதால், இளஞ்சிற்பி ஒருவர் இதில் பழகிப் பிழைசெய்து கற்பது ஏறக்குறைய இயலாததாகிவிட்டது.

கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடியினர், ‘நீரே பத்து’ என்னும் செந்நிறச் சதுப்புநில மரத்தில் மூதாதையரின் ஆவிகளைச் செதுக்குகின்றனர். அவர்களுடைய சங்கிலிப் புலிச் சிற்பத்தில், ஒட்டோ ஆணியோ இல்லாமல் ஒரே கட்டையிலிருந்து கோத்த வளையங்கள் விடுவிக்கப்படுகின்றன. ஒரு வளையத்தின் உட்புறத்தை வழிக்கும் கத்தி அடுத்த வளையத்தைத் தொட்டுவிட்டால் முழு உழைப்பும் வீணாகும். இது அரூபச் சிற்பம் அன்று என்றாலும், வெற்றிடத்தையும் செதுக்கும் பொருளாகக் கருதும் அறிவு இதில் முழுமையாக இருக்கிறது. அதே தீவின் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களோ, அந்த அறிவுக்கு அருகிலேயே வாழ்ந்தும் மரத்தில் தமக்கென ஒரு கலையை உருவாக்கிக்கொள்ளவில்லை.

ஆனால் தமிழர் கைக்கு மரம் புதிதன்று. பால்மரமாகிய ரப்பர் மரத்தில் செய்யும் பால்வெட்டு என்பதே நுட்பமான செதுக்கல்தான். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியும் கோட்டில், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையைச் சீவியெடுத்து, மரத்தின் வளர்படலத்தைத் தொடாமல் அதன்மேல் ஒரு மெல்லிய பட்டையை மிச்சம் வைக்க வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னர் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. விடியுமுன், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவைக் கண்ணாலும் மணிக்கட்டாலும் காத்தவர்களுக்குக் கூலி கிடைத்ததே தவிர, கலைஞர் என்னும் பெயர் கிடைக்கவில்லை.

25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டப்படும் அந்த மரம் முன்பு பெரும்பாலும் விறகானது. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால் துளைக்கும் வண்டுகளும் நீலப் பூஞ்சையும் சில நாட்களிலேயே அதைப் பிடித்துக்கொண்டன. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களிலிருந்து அது மலேசிய அறைகலன் தொழிலின் முதுகெலும்பானது. வெளிர்நிறமும் சீரான இழையும் கொண்டு, உளிக்கு இணங்கிக் கொடுக்கும் மரம் அது. பெரிய கட்டைகள் கிடைப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் அமெரிக்கச் சிற்பி லூயி நெவெல்சன் 1958இல் ‘வான் பேராலயம்’ என்னும் படைப்பைக் கழிவு மரத்துண்டுகளை அடுக்கிக் கருமை பூசியே உருவாக்கினார். வெட்டுத் தழும்பேறிய பால்மரத் தண்டுகள் சிற்பமாக அடுக்கப்பட்டால், எந்த நினைவுச்சின்னமும் சொல்லாத தோட்டப்புற வரலாற்றை அவை சொல்லும்.

அதைச் செய்ய ஆளில்லாததே பெருங்கவலை. கிள்ளானில் 1953இல் பிறந்த குமாரி நாகப்பன், மஞ்சாடி விதை, சாதிக்காய், மிளகாய் ஆகியவற்றின் வடிவங்களைப் பேருருவாக்கிப் புகழ்பெற்றவர். ஆனால் அவருடைய பொதுவெளிச் சிற்பங்களுள் பெயர்பெற்றவை வெண்கலம் முதலான உலோகங்களில் அமைந்தவை, அவற்றுள் பல நிற்பதும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம், ஆர்ச்சர்ட் சாலை முதலான இடங்களில்தான். கிள்ளான் பள்ளத்தாக்கின் கோயில்களில் வாகனம், தேர், கதவு என மரவேலை தேவைப்படும்போதெல்லாம் தமிழ்நாட்டுக் கைவினைஞரையே எதிர்பார்க்கும் நிலை நீடிக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நடனத்துக்கும் இசைக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், உளியும் கொட்டாப்புளியும் பிடிக்கக் கற்றுத்தரும் இடத்தைத் தேடுவதில்லை. வறுமையும் வேலையின்மையும் வாட்டும் சமூகத்துக்கு அரூபச் சிற்பம் ஆடம்பரம் என்போர் உண்டு. ஆனால் கைத்திறனை இழந்த சமூகம் வேலையையும் சேர்த்தே இழக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

உருவமற்றதைப் பார்க்கத் தெரியாது என்னும் சாக்கும் தமிழருக்குப் பொருந்தாது. இறைவனை உருவம், அருவம், இரண்டும் கலந்த அருவுருவம் என மூவகையாகப் பகுத்து, முகமோ உறுப்புகளோ இல்லாத இலிங்கத்தை அருவுருவம் என வணங்கும் சைவ மரபும், வெற்றிடத்தையே இரகசியமாகக் காட்டும் சிதம்பரமும் அறிந்த கண்ணுக்கு, குடைந்த மரத்தின் உள்வெளி அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

குடமுழுக்குத் திருப்பணிக்காக ஸ்தபதிகளும் தச்சர்களும் மாதக்கணக்கில் இங்குத் தங்குகின்றனர். அவர்களுடைய பணிக்கூடத்தில் உள்ளூர் இளைஞர் சிலரைப் பயிலவிடுவதும், அறைகலன் ஆலைகளில் மிஞ்சும் பால்மரத் துண்டுகளைத் தமிழ்ப்பள்ளிக் கைவினை வகுப்புகளுக்குக் கேட்டுப் பெறுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இழையின் போக்கறிந்து உளி பிடிக்கப் பழகியவரால் வாகனமும் செய்ய முடியும், அரூபச் சிற்பமும் செய்ய முடியும். எதைச் செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும், முதலில் அவர் கையில் உளி சேர வேண்டும்.