வழுக்கையும் மயிர் நடுகையும்

வழுக்கை உயிருக்கு ஊறு செய்வதன்று. எனினும் இளைஞர் பலரின் மனத்தை அது வாட்டுகின்றது. ஆடவர் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆண் ஓமோன் ஒன்று முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களை மெல்ல மெல்லச் சிறுக்கச் செய்கின்றது. பிடரி மயிரோ அதற்கு எளிதில் இணங்குவதில்லை. அம்மயிரை முன்தலையில் நட்டாலும் அவ்வியல்பு மாறாதென்பதை நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைச் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். மயிர் நடும் சத்திரசிகிச்சைக்கு இதுவே அடிப்படை.

ஆயினும், நடுகை புதுமயிரைப் படைப்பதன்று; உள்ளதை இடம் மாற்றுவதே. பிடரியின் இருப்பு அளவுடையது. வேரோடு எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது. 20 வயதில் நெற்றிக்காக அதனைச் செலவிட்டவன், 40 வயதில் உச்சி வெறுமையாகும்போது முதலிழந்த வணிகனை ஒப்பான். ஆதலின் உதிர்வின் போக்குத் தெளியும்வரை பொறுத்தல் நன்று.

நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்வது கண்டு அஞ்சவேண்டுவதில்லை. 3, 4 திங்களில் அது மீண்டும் முளைக்கத் தொடங்கும்; முழுப்பயன் காண ஓராண்டு செல்லும். எஞ்சிய இயற்கை மயிரோ தொடர்ந்து உதிரக்கூடியது. அதனைக் காக்கும் மினொக்சிடில், பினஸ்டரைட் ஆகிய மருந்துகளை, பக்கவிளைவுகளை வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே கைக்கொள்ளல் வேண்டும். அவற்றை நிறுத்தினால் பயனும் நீங்கும்.

இவையனைத்தையும் எண்ணிப் பார்த்து, வழுக்கையோடே வாழத் துணிபவனும் அறிவுடையவனே.