‘90 பெர்சன்ட் முடிஞ்சிடுச்சு சார்!’ - புராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலையில் முன்னேறுவது எப்படி?

திங்கள்கிழமை காலை மீட்டிங். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று மேனேஜர் கேட்கிறார். “90 பெர்சன்ட் முடிஞ்சிடுச்சு சார்” என்று பதில் வருகிறது. அடுத்த வாரமும் அதே 90. அதற்கு அடுத்த வாரமும் அதே 90.

சாஃப்ட்வேர் நிறுவனமோ, கட்டுமான சைட்டோ, எங்கும் நடப்பதுதான் இது. அந்தக் கூட்டத்தில் லேப்டாப்புடன் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்பவர் புராஜெக்ட் அசிஸ்டென்ட். சில நிறுவனங்களில் புராஜெக்ட் கோஆர்டினேட்டர் என்பார்கள். மூன்று வாரமும் எக்செல்லில் ‘90’ என்று மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர் அதே நாற்காலியில் தங்கிவிடுகிறார். “மீதி 10-ல என்ன இருக்கு?” என்று கேட்பவர் மேலே போகிறார்.

என்ன வேலை?

அட்டவணையைப் புதுப்பிப்பது, மீட்டிங் ஏற்பாடு செய்வது, மினிட்ஸ் எழுதுவது, பில்களையும் ஒப்புதல்களையும் பின்தொடர்வது. வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். பி.காம். முடித்தவர்கள் முதல் பொறியியல் பட்டதாரிகள் வரை பலருக்கும் இந்தத் துறையின் வாசல் இதுவே.

சிக்கல் எங்கே என்றால், இது அதிகாரம் இல்லாத பொறுப்பு. வேலையை முடிக்க வேண்டியவர்கள் யாரும் அசிஸ்டென்ட்டுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்ல. அதட்டிக் கேட்க முடியாது, கேட்காமலும் இருக்க முடியாது.

எந்தத் தாமதம் ஆபத்து?

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள உதவுவது ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற முறை. அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைப் பணிகளைத் திட்டமிட 1950-களின் பிற்பகுதியில் இதில் இறங்கியது.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு பள்ளிக் கட்டடத்தைத் திறக்க இன்னும் 16 வாரம் இருக்கிறது. லிஃப்ட் ஆர்டர் கொடுத்தால் வந்து சேர 10 வாரம், பொருத்த 3 வாரம், ஆய்வு முடிந்து உரிமம் கிடைக்க 2 வாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 வாரம். பெயின்டிங் 3 வார வேலை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

பெயின்டர் 10 நாள் தாமதமாக வந்தால் ஒன்றும் ஆகாது. லிஃப்ட் ஆர்டர் பேப்பர் கையெழுத்துக்காக 10 நாள் மேஜையில் கிடந்தால், திறப்பு விழா 3 நாள் தள்ளிப்போகும். சைட்டில் சத்தம் கேட்பது பெயின்டர் வராததற்குத்தான். தேதியைத் தின்பது அந்தப் பேப்பர். அதைக் கண்டுபிடிப்பவரே நல்ல அசிஸ்டென்ட்.

எப்படிக் கேட்பது?

“எத்தனை பெர்சன்ட் முடிஞ்சது?” என்று கேட்டால் ஒரு நம்பர் கிடைக்கும், உண்மை கிடைக்காது. கேள்வியை மாற்ற வேண்டும்.

“அண்ணே, இன்னும் எந்த ரூம்ல வயரிங் பாக்கி?”

“ரெண்டாவது மாடி முழுக்க இருக்கு தம்பி. ஸ்விட்ச் போர்டு இன்னும் வரலையே.”

இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. தாமதம் எலக்ட்ரீஷியனால் அல்ல. பர்ச்சேஸ் பிரிவில் நிற்கிறது.

மினிட்ஸுக்கும் இதே கதைதான். ‘விரைவில் முடிக்கப்படும்’ என்று எழுதினால் அது யார் தலையிலும் விழாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வேண்டும். மீட்டிங் நடந்த அன்றே அனுப்பிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால், “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்பார்கள்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது?

பல அசிஸ்டென்ட்கள் தடுமாறும் இடம் இது. சொன்னால் ‘போட்டுக்கொடுக்கிறான்’ என்ற பெயர் வரும். சொல்லாவிட்டால், “உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்ற கேள்வி வரும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மேனேஜரிடம் போகும் முன் சம்பந்தப்பட்டவரிடமே, “இந்த வாரம் இதை ‘தாமதம்’னு ரிப்போர்ட்ல காட்டப் போறேன், ஏதாவது மாறியிருக்கா?” என்று கேட்டுவிடுவது. பிறகு மேனேஜரிடம் பிரச்சினையை மட்டும் இறக்கிவைக்காமல் வழியையும் சேர்த்துச் சொல்வது:

“சார், லிஃப்ட் ஆர்டர் இந்த வாரத்துக்குள்ள போகலைன்னா திறப்பு தேதி தள்ளும். இன்னைக்கே கையெழுத்து போட்டா சமாளிச்சிடலாம். இல்லைன்னா தரைத்தளத்தை மட்டும் முதல்ல திறக்கலாம். எதுன்னு நீங்க சொல்லுங்க.”

முடிவு மேனேஜருடையது. அதை நேரத்துக்குள் எடுக்க வைத்தது அசிஸ்டென்ட்.

ஏஐ வந்த பிறகு?

ஆன்லைன் மீட்டிங்கின் சுருக்கத்தை இன்று மென்பொருளே எழுதித் தருகிறது. டைப் செய்வதும் டேபிள் போடுவதும் மட்டுமே வேலை என்றிருப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. ஆனால் ‘முடிச்சிடலாம்’ என்று ஒருவர் சொல்லும்போது அதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு மழுப்பல் என்று தெரிந்துகொள்ள, அவருடன் பழகியிருக்க வேண்டும். சைட்டுக்கு நேரில் போயிருக்க வேண்டும். மிச்சப்படும் நேரத்தை அங்கே செலவிடுவது புத்திசாலித்தனம்.

சான்றிதழ் தேவையா?

1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட், ஆரம்பநிலையினருக்காக ‘சிஏபிஎம்’ தேர்வை நடத்துகிறது. இதற்கு வேலை அனுபவம் கட்டாயமில்லை. பள்ளிப்படிப்புடன் 23 மணி நேரப் பயிற்சி வேண்டும். அடுத்த படியான ‘பிஎம்பி’க்கு, திட்டங்களை வழிநடத்திய அனுபவம் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அதன் இணையதளத்தில் சரிபார்ப்பது நல்லது.

பிஎம்பி விண்ணப்பத்தில் எந்தத் திட்டம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தன் பங்கு என்ன என்று எழுத வேண்டியிருக்கும். ஐந்து வருடம் கழித்து யோசித்தால் ஞாபகம் வராது. சின்ன வெண்டார் மாற்றமோ, ஒரு மாடியின் ஒப்படைப்போ, தானே முன்னின்று முடித்த வேலைகளை முதல் மாதத்திலிருந்தே குறித்து வைப்பது பயன் தரும்.

அப்ரைசல் நேரத்திலும் கைகொடுப்பது அதே நோட்டுதான். “நிறைய வேலை பார்த்தேன் சார்” என்று எல்லோரும் சொல்வார்கள். “இந்த ரெண்டு தாமதத்தையும் மூணு வாரம் முன்னாடியே சொன்னேன், தேதி தப்பிச்சது” என்று மெயிலோடு காட்டுபவரிடம்தான், அடுத்த சின்ன புராஜெக்ட்டைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க மேனேஜருக்குத் தைரியம் வரும்.