கடலமிட்டாய் மூணு தடவை… தா!

உஷ்! சத்தம் போடாமல் வாங்க. இந்த ஜன்னலோரம் நின்றாலே போதும். ஆண்டு விழா மேடையில் நீங்கள் பார்க்கப்போவது வெறும் ரெண்டு நிமிஷம்தான். அதற்கான ஒத்திகையில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அசல் திருவிழாவே அதுதான்!

மதுரைப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு, கடைசி பீரியட். பாய்களெல்லாம் சுருட்டி மூலைக்குப் போயாச்சு. வாத்திய வரிசையைப் பாருங்கள்: கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளிகள், காலித் தண்ணீர் கேன், கொட்டாங்கச்சி ஜோடிகள், புளியங்கொட்டை போட்டு மூடிய பாட்டில்கள், ஒரே ஒரு கஞ்சிரா. அந்தக் கஞ்சிராவுக்கு மட்டும் இப்போதே அடிதடி.

“ஒருத்தரும் தொடக் கூடாது!” என்கிறார் டீச்சர். தொடக்கத்தில் எந்த வாத்தியத்திலும் கை வைக்க அனுமதி இல்லை. முதலில் வாய், அப்புறம் கால், கடைசியில்தான் கை. மிருதங்கமும் தவிலும் சொல்லித்தரும் ஆசான்கள் வழிவழியாக முதலில் வாயால் சொல்லவைப்பதும் இப்படித்தானே? மூணுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, அஞ்சுக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி. ஹங்கேரியில் கோடாய் வழியில் படிக்கும் பிள்ளைகளும் ‘டா, டி-டி’ என்று வாயால் சொல்லித்தான் தாளத்தைப் பிடிக்கிறார்கள்.

நம்ம டீச்சரிடம் அதற்குமேல் ஒரு சொந்தச் சரக்கு இருக்கிறது. ரெண்டுக்கு இட்லி. மூணுக்கு முறுக்கு. நாலுக்குப் பணியாரம். அஞ்சுக்கு? வகுப்பே கூரை பறக்கக் கத்துகிறது: “க-ட-ல-மிட்-டாய்!”

இனிமேல்தான் வேடிக்கை. தரையில் சாக்பீஸால் 16 கட்டம் போட்டிருக்கிறார்கள். ரெண்டு கட்டத்துக்கு ஓர் அடி வீதம் எட்டு அடி வைத்தால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று. காலில் நடப்பது தாளம். அது முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. வாயில் வருவது சொற்கட்டு. அது எப்படி வேண்டுமானாலும் துள்ளலாம், ஆனால் திரும்பி வந்து சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், விழுந்தாக வேண்டும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே யாரும் கரும்பலகையில் எழுதிப்போடுவதில்லை. நடந்தால் தானாகப் புரிகிறது.

“கடலமிட்டாய் மூணு தடவை சொன்னா எத்தனை?”

“பதினஞ்சு டீச்சர்!”

“கட்டம் பதினாறாச்சே? மிச்சம் ஒண்ண என்ன பண்ணலாம்?”

அந்த ஒன்றுதான் வில்லன்! முதல் கட்டத்தில் கால் வைக்கணும், வாய் திறக்கக் கூடாது. ரெண்டாவது கட்டத்தில்தான் ‘க’. அப்படி இடம் விட்டு எடுத்தால் மூன்றாவது மிட்டாய் 16-ல் முடியும். அடுத்த சுற்றின் முதல் கட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ‘தா!’ இன்னொரு குறும்பையும் கவனியுங்கள். முதல் மிட்டாயும் மூன்றாவதும் ரெண்டு காலடிக்கு நடுவே கிளம்புகின்றன. நடு மிட்டாய் மட்டும் காலடியோடு சேர்ந்து விழுகிறது. அங்கே வந்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி!

முதல் சுற்றில் பாதி வகுப்பு முதல் கட்டத்திலேயே ‘க’ போட்டுவிட்டது. அடுத்த சுற்றில் ஒருத்தன் மட்டும். அவன் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ள, வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அடிக்கக் கற்றுக்கொடுப்பது சுலபம். அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதில்தான் டீச்சருக்கு உயிர் போகிறது.

இந்த அமளிக்கு நடுவே பின்பக்கம் ஓடிவாருங்கள். பறை சொல்லித்தரும் மாஸ்டர் வைக்கோலைக் கொளுத்தி அனலில் தோலைக் காட்டுகிறார். சூடு ஏற ஏறத் தோல் இறுகும், சத்தம் ‘கணீர்’ என்று எழும்பும். தட்டிப் பார்க்கிறார், மறுபடி காட்டுகிறார். வலது கையில் தடித்த அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. பிள்ளைகள் தள்ளி நின்று வாய்பிளந்து பார்க்கிறார்கள். சாதியின் பெயரால் ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த கருவி இது. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இங்கேயோ, “மாஸ்டர், எனக்கு மாஸ்டர்!” என்று பறைக்காகத்தான் கெஞ்சல்.

இப்போது எல்லாம் ஒன்றாக! வாளிக் கோஷ்டி எட்டு அடியைப் பிடிக்கிறது, கொட்டாங்கச்சிக் கோஷ்டி சொற்கட்டைப் போடுகிறது. “ஓடுது, ஓடுது! இழுத்துப் பிடிங்கப்பா!” என்று மாஸ்டர் கத்துகிறார். உற்சாகம் ஏறினால் வேகமும் ஏறிவிடும். பிள்ளைகளுக்கு மெதுவாக வாசிப்பதுதான் மலை. கோஷ்டிகளை இடம் மாற்றினால் மறுபடி ரகளை. பிறகு, எதிர்பாராத ஒரு சுற்றில், முதல் கட்டத்தில் அத்தனை பேரும் கப்சிப். மூணு மிட்டாய். ‘தா!’ மாஸ்டரே ஒரு குதி குதிக்கிறார்!

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். ஒரு சாக்பீஸும் நாலு பழைய வாளியும் போதும். அஞ்சாம் வாய்ப்பாடு இலவசமாக வந்து சேரும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்!