‘நீங்க எந்தக் குலம்?’ - தலைவர்களை நம்பாத சோமாலியா, குலத்தை மட்டும் விடாதது ஏன்?

2022 மே 15. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில், விமான நிலைய வளாகத்துக்குள் இருக்கும் ஒரு ஹேங்கர். சுற்றிலும் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் காவல். உள்ளே எம்.பி-க்கள் வரிசையில் நின்று வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடுகிறார்கள். மூன்று சுற்று வாக்கெடுப்பு முடிந்து, 214-க்கு 110 என்ற கணக்கில் ஹசன் ஷேக் முகமது அதிபராகிறார்.

சரி, மக்கள் எங்கே? வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எம்.பி-க்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள் இல்லை. குலத் தலைவர்களும், அவர்கள் கைகாட்டிய பிரதிநிதிகளும்தான்.

அரசியல்வாதிகள் மீது சோமாலியர்களுக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் வெளியிடும் ஊழல் பட்டியலில் பல ஆண்டுகள் கடைசி இடம் அந்த நாட்டுக்குத்தான். 2023-ல் கிடைத்த மதிப்பெண் 100-க்கு 11. இருந்தும், ஒரு தலைவருக்கு ஆபத்து என்றால் அவருடைய குலம் துப்பாக்கியோடு வந்து நிற்கும். நம்பாத தலைவருக்காக ஏன் சண்டை போடுகிறார்கள்?

குலம் என்றால் என்ன?

சோமாலியர்களில் பெரும்பாலோர் பேசுவது ஒரே மொழி. மதமும் ஒன்றே, சன்னி இஸ்லாம். ஆப்பிரிக்காவில் இப்படி ஒரு நாடு அமைவது அபூர்வம். ஆனால், அவர்களைப் பிரிப்பது தந்தைவழி வம்சம். டாரோட், ஹவியே, திர், இசாக், ரஹன்வெய்ன் என்பவை பெரிய குலங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் துணைக்குலம், அதற்குள் இன்னும் சிறிய கிளை என்று மரம்போல விரியும். தந்தை, தாத்தா, அவருடைய தந்தை எனத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். புதிதாகச் சந்திக்கும் இரண்டு பேர் இந்தப் பெயர்களை ஒப்பிட்டே உறவா, அந்நியமா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது வெறும் பெருமைக்கான அடையாளம் இல்லை. இன்ஷூரன்ஸ், கோர்ட், போலீஸ் எல்லாம் இதுதான். ‘ஹீர்’ என்ற மரபுச் சட்டப்படி, ஒருவர் கொலை செய்துவிட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது அவர் மட்டும் இல்லை, அவருடைய மொத்தக் கிளையும். ஓர் ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம் என்பது பழைய கணக்கு. வாங்குவதும் அப்படியே, இறந்தவரின் கிளை பங்கிட்டுக்கொள்ளும். மருத்துவச் செலவோ, வறட்சியோ வந்தால் உறவுக்குள் வசூல் நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களும் மொபைலில் பணம் அனுப்புவார்கள்.

அதாவது, அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைக் குலம் செய்கிறது. அதை விடச் சொன்னால், ‘சரி, அதுக்குப் பதிலா எனக்கு யார் இருக்கா?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஆரம்பத்திலேயே இப்படித்தானா?

இல்லை. 1960 ஜூலை 1-ல் பிரிட்டன், இத்தாலி வசம் இருந்த இரண்டு பகுதிகளும் இணைந்து சோமாலியா பிறந்தபோது நம்பிக்கை பெரிதாக இருந்தது. முதல் அதிபர் ஏடன் அப்துல்லா உஸ்மான், 1967-ல் தோற்றதும் சத்தமில்லாமல் பதவியை ஒப்படைத்தார். அன்றைய ஆப்பிரிக்காவில் அது பெரிய விஷயம்.

ஆனால், 1969 தேர்தலில் 123 இடங்களுக்கு 60-க்கும் மேற்பட்ட கட்சிகள், 1,000-க்கும் அதிகமான வேட்பாளர்கள். பல கட்சிகள் ஒரு துணைக்குலத்தின் பெயர்ப்பலகையாக மட்டுமே இருந்தன. ஜெயித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் உடனே ஆளுங்கட்சிக்குத் தாவினார்கள். ஓட்டுப் போட்டவர்களுக்கு மிஞ்சியது ஏமாற்றம். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் ஷெர்மார்கே சுட்டுக்கொல்லப்பட, ஒரே வாரத்துக்குள் ராணுவத் தளபதி சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார்.

குலத்தைத் தடை செய்தவர், குலத்தாலேயே ஆண்டவர்

பாரே குலத்தை ஒழிப்பதாக அறிவித்தார். குலத்தின் பெயரைச் சொல்வதே குற்றம். குல உணர்வுக்கு உருவபொம்மை செய்து எரித்தார்கள். மக்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘உங்க முன்னாள் குலம் எது?’ என்று கேட்டுக்கொண்டார்கள்!

பாரே நடத்திய ஆட்சியோ வேறு மாதிரி. அவருடைய தந்தையின் குலம், தாயின் குலம், மருமகனின் குலம் என மரேஹான், ஒகாடேன், துல்பஹந்தே ஆகிய மூன்றும் அதிகாரத்தைச் சுற்றி வளைத்தன. 1977-78 ஒகாடேன் போரில் எத்தியோப்பியாவிடம் தோற்ற பிறகு சந்தேகம் முற்றியது. ஒரு குலத்தில் யாராவது எதிர்த்தால், அந்தக் குலத்துக்கே தண்டனை. 1988-ல் வடக்கே ஹர்கீசா நகரம் சொந்த நாட்டு விமானங்களாலேயே குண்டுவீசித் தகர்க்கப்பட்டது. இசாக் குலத்தவர் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

இதில் மக்கள் கற்றது ஒரே பாடம். அரசு என்பது யாரோ ஒரு குலத்தின் ஆயுதம். அது நம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் மேல் பாயும்.

1991 ஜனவரியில் பாரே தப்பி ஓடினார். அவரை விரட்டிய ஹவியே குலத்து இயக்கமே உடனே இரண்டானது. அலி மஹ்தி ஒரு துணைக்குலம், ஜெனரல் அய்தீத் இன்னொரு துணைக்குலம். மொகதிஷு இரண்டாகப் பிளந்தது. ஒரே குலம் என்பதுகூடப் பாதுகாப்பு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

4.5 ஃபார்முலா: தீர்வா, நோயா?

2000-ல் ஜிபூட்டியின் அர்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். டாரோட், ஹவியே, திர், ரஹன்வெய்ன் ஆகிய நான்கு குலங்களுக்கும் சம பங்கு. மீதி இருக்கும் எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து அரைப் பங்கு. இதுதான் 4.5.

பலன் இல்லாமல் இல்லை. ‘நமக்கும் ஒரு நாற்காலி உண்டு’ என்ற உறுதி, பலரைத் துப்பாக்கியைக் கீழே வைக்கவைத்தது. ஆனால், விலை பெரியது. பாண்டு விவசாயிகள், தோல், இரும்பு வேலை செய்யும் சமூகங்கள், கடலோர பெனாதிரிகள் எல்லோரும் சட்டப்படியே ‘அரை’ ஆனார்கள். 2011 பஞ்சத்தில் சுமார் 2.6 லட்சம் பேர் இறந்தபோது, பாண்டு, ரஹன்வெய்ன் மக்களே அதிகம் பலியானார்கள். பாண்டுகளுக்குக் கைகொடுக்க, வெளிநாட்டில் பணம் சம்பாதிக்கும் சொந்தங்களும் அதிகம் இல்லை.

இன்னொரு பிரச்னை, ஓட்டு விற்பனை. 2012-ல் 135 குல மூத்தோர் எம்.பி-க்களைத் தேர்வு செய்தார்கள். 2016-ல் ஒரு இடத்துக்கு 51 பிரதிநிதிகள், அடுத்த முறை 101 பேர். எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதால் விலை பேசுவது சுலபம். 2016-ல் ஒரு ஓட்டு 5,000 முதல் 30,000 டாலர் வரை போனதாக அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே சொன்னார். காசு கொடுத்து வந்த எம்.பி, போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார். அவரைக் கேள்வி கேட்க மக்களிடம் ஓட்டும் இல்லை.

நம்பிக்கை வந்ததே இல்லையா?

வந்தது. 2017 பிப்ரவரியில் ஃபர்மாஜோ அதிபரானபோது குல பேதம் இல்லாமல் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஆனால், 2021 பிப்ரவரியில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. ஏப்ரலில் கீழ்சபை இரண்டு ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். ராணுவம் குலவாரியாகப் பிரிந்தது. சில பிரிவுகள் தங்கள் முகாம்களை விட்டுவிட்டு, எதிர்க்கட்சித் தலைவர்களைக் காக்க மொகதிஷுவுக்குள் நுழைந்தன. மே 1-ல் நீட்டிப்பு ரத்தானது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். தேசிய ராணுவம் என்ற ஒன்று இன்னும் உருவாகவில்லை என்பது ஒன்று. ஒரு அதிபர் நிரந்தரமாக உட்கார்வதைத் தடுத்ததும் குலம்தான் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை.

அல் ஷபாப் விஷயத்திலும் இப்படித்தான். தாங்கள் குலத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்று சொல்லும் அந்த அமைப்பு, ஒதுக்கப்பட்ட சிறிய குலங்களில் ஆள் பிடிக்கிறது. அதன் நீதிமன்றத்தில் சீக்கிரம் தீர்ப்பு கிடைக்கிறது என்று அரசுப் பகுதி மக்களே போகிறார்கள். மறுபக்கம், 2022-ல் ஹிரான் பகுதியில் அவர்களை எதிர்த்துக் கிளம்பியதும் குலப்படையினர்தான். பெயர் ‘மகாவிஸ்லி’. லுங்கி கட்டியவர்கள் என்று அர்த்தம்.

சோமாலிலாந்து சொல்லும் பாடம்

1991 மே மாதம் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தும் இதே குலங்களின் மண்தான். அங்கே 1993-ல் போராமா நகரில் மூத்தோர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். மேல்சபையைக் குல மூத்தோருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் ஓட்டை மக்களிடம் கொடுத்தார்கள். 2003 அதிபர் தேர்தலில் வித்தியாசம் வெறும் 80 ஓட்டு என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. தோற்றவர் நீதிமன்றம் போனார், போருக்குப் போகவில்லை. 2024 நவம்பரிலும் ஆளும் அதிபர் தோற்று, எதிர்க்கட்சியிடம் ஆட்சியை ஒப்படைத்தார்.

அதற்காக அது சொர்க்கம் இல்லை. இசாக் ஆதிக்கம் என்று குமுறிய துல்பஹந்தே மக்கள் 2023-ல் லாஸ் அனோட் நகரில் ஆயுதம் ஏந்தி, சோமாலிலாந்துப் படையை வெளியேற்றினார்கள். யாருக்குப் பங்கு இல்லையோ, அங்கே பழைய கதை திரும்புகிறது.

இனி?

2024 மார்ச்சில் சோமாலிய நாடாளுமன்றம் நேரடித் தேர்தலுக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. ஒரு ஆள், ஒரு ஓட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், புன்ட்லாந்து மாநிலம் மத்திய அரசையே ஏற்க மாட்டோம் என்றது. நவம்பரில் ஜுபாலாந்தும் உறவை முறித்தது. இரு தரப்பு நீதிமன்றங்களும் எதிர்த்தரப்பு அதிபரைக் கைதுசெய்ய வாரன்ட் போட்டன. டிசம்பரில் ராஸ் கம்போனியில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. ‘ஓட்டு என்ற பெயரில் அதிகாரத்தை மொகதிஷு எடுத்துக்கொள்ளும்’ என்பதே அவர்களின் பயம்.

முப்பது வயதுக்குக் குறைவான சோமாலியர்கள்தான் அங்கே பெரும்பான்மை. தேசிய அளவில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட 1969 தேர்தலை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. அவர்களிடம் ‘குலத்தை விடுங்கள்’ என்று சொல்வது சுலபம். ஒரு கொலை வழக்கில் நியாயமான தீர்ப்பு, பஞ்சத்தில் வந்து சேரும் அரிசி மூட்டை, தோற்றால் வீட்டுக்குப் போகும் அதிபர் - இதையெல்லாம் அரசு ஒருமுறை செய்து காட்டட்டும். அதுவரை, ‘நீங்க எந்தக் குலம்?’ என்ற கேள்விக்கு அவர்கள் பதில் வைத்திருக்கத்தான் வேண்டும்.