கம்ப்யூட்டரில் 'ம்ம்ம்' இரைச்சலா? எர்த்தைக் கவனியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களில் அதோடு ஓர் ஆம்ப்ளிஃபயரையோ மைக்கையோ இணைத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். இணைத்தவுடன் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். இதற்கு ஹம் என்று பெயர். சவுண்ட் கார்டு போய்விட்டது என்று நினைத்து வேறு கார்டு வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலும் குறை கார்டில் இருக்காது. எர்த் இணைப்பில்தான் இருக்கும்.

ஆவடியில் இருக்கும் என் நண்பர் ஒருவர் வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தன் கையாலேயே செய்தார். 1950களில் அமெரிக்காவில் வந்த 'ஃபெண்டர் சேம்ப்' மாடலின் சர்க்யூட். 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3 என மூன்றே வால்வுகள். சுமார் 5 வாட். சேஸிஸுக்கான தகட்டை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் வளைத்தார். உதிரி பாகங்களை ரிச்சி தெருவில் வாங்கினார். தனியாக ஒரு லைன் அவுட் வைத்து, அதைக் கம்ப்யூட்டரின் நீல நிற லைன் இன் சாக்கெட்டில் இணைத்தார்.

வாசித்தால் இனிமை, நிறுத்தினால் ஹம். யாரோ சொன்னதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் இருந்த எர்த் வயரைக் கழற்றிவிட்டார். ஹம் பாதியாகக் குறைந்தது. இந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார். நான் முதலில் செய்த வேலை, அந்த வயரைத் திரும்ப மாட்டியதுதான்.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

டிரான்ஸ்பார்மரில் இன்சுலேஷன் கெட்டுப்போனால் ஃபேஸ் மின்சாரம் சேஸிஸில் ஏறும். எர்த் சரியாக இருந்தால் உடனே ஃபியூஸ் போய்விடும். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் ஆடியோ கேபிளின் மெல்லிய ஷீல்டு வழியாக உங்கள் மதர்போர்டுக்குள் பாயும். அந்தக் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் இன்னும் மோசம். கிதார் கம்பிகள் ஷீல்டோடு இணைந்தவை என்பதால் கம்பியிலேயே 230 வோல்ட் நிற்கும். ஒரு கை கம்பியிலும் மறு கை கம்ப்யூட்டர் கேபினட்டிலும் பட்டால் மின்சாரம் மார்பு வழியே போகும். ஹம்மைக் குறைக்க எர்த்தை வெட்டவே கூடாது.

கம்ப்யூட்டரே மீட்டர்

ஹம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். வாசிக்காமல் பத்து வினாடி பதிவு செய்யுங்கள். அதைத் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கட்டளையைக் கொடுங்கள். சைஸ் 16384 என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50ல் கோபுரம் உயர்ந்தால் எர்த் வளையம் அல்லது ஹீட்டர் வயர் காரணமாக இருக்கலாம். 100ல் உயர்ந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை பக்கம்.

நண்பரின் பதிவில் இரண்டும் இருந்தன. கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி ஸ்பீக்கரில் மட்டும் கேட்டோம். 50 அடங்கியது, 100 கேட்டுக்கொண்டே இருந்தது. ஆக, கோளாறு இரண்டு இடங்களில்.

ஆம்ப்ளிஃபயருக்குள்

எச்சரிக்கை: வால்வு ஆம்ப்ளிஃபயரின் கெபாசிட்டர்களில் சுவிட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

உள்ளே ஒவ்வொரு கிரவுண்ட் வயரும் பக்கத்தில் கிடைத்த சேஸிஸ் இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தது. முதல் ஃபில்டர் கெபாசிட்டர் வினாடிக்கு 100 முறை சார்ஜ் ஆகும். அந்த மின்னோட்டம் 0.3 ஆம்பியர் என்றும், அது கடக்கும் தகட்டின் தடை 0.01 ஓம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிவோல்ட் உண்டாகும். இது கிதார் சிக்னலோடு சேர்ந்து பெருக்கப்பட்டால் நன்றாகவே கேட்கும்.

செய்த மாற்றங்கள் இவை:

1. டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப் நேராக முதல் கெபாசிட்டரின் நெகட்டிவுக்கு.

2. அங்கிருந்து 6வி6 பகுதிக்கும், அடுத்து 12ஏஎக்ஸ்7 பகுதிக்கும் வரிசையாக ஒரே கிரவுண்ட் வயர்.

3. இந்த வயர் சேஸிஸைத் தொடுவது இன்புட் ஜாக் அருகே ஒரே இடத்தில்.

4. மெயின்ஸ் எர்த் வயர், கேபிள் நுழையும் இடத்தில் தனி போல்ட்டில். அந்த போல்ட்டில் வேறு எதுவும் கிடையாது.

5. 6.3 வோல்ட் ஹீட்டர் வயர்களை முறுக்கி, இரு முனைகளிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று.

மறுபடி பதிவு செய்தபோது 100 ஹெர்ட்ஸ் கோபுரம் தரையோடு ஒட்டிவிட்டது.

கம்ப்யூட்டர் பக்கம்

மீதி இருந்த 50 எர்த் வளையம். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரிலும் மின்சாரம் எடுத்தன. இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒருமுறை, ஆடியோ கேபிளில் ஒருமுறை என இரண்டு வழியில் சேர்ந்தன. இரண்டையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றினோம். லைன் அவுட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் போட்டோம். ஹம் அடங்கியது, எர்த்தும் இருந்த இடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டில்

ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்களால், எர்த் இல்லாத கேபினட்டில் சுமார் 115 வோல்ட் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனாலும் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம்.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீளமான பின்தான் எர்த். முதலில் அது பட வேண்டும் என்பதற்காகவே நீளம். அதை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகாதீர்கள். எர்த்தை நியூட்ரலோடும் இணைக்காதீர்கள். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வீண். இப்போது பெரும்பாலும் பிவிசி குழாய்தான்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் தனி வீட்டில் இருப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் எர்த் குழியைப் பாருங்கள். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். தண்ணீர் ஊற்றி ஈரமாக வையுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அப்போதே போட்டுவிடுங்கள். யூபிஎஸ் வாங்கும் முன் செய்ய வேண்டிய செலவு இது.