சீலை உடைத்த காலம் போய்விட்டது

சேலத்தில் சரக்கேற்றி பெங்களூருக்குக் கிளம்பும் லாரிக்கு முதல் பரீட்சை தொப்பூர் கணவாய். அந்த ஏற்றத்தில் வண்டி திணறினால், நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. டீசல் பம்ப் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, பம்ப்பின் சீலை உடைத்து, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பச் சொல்வார்கள். பிக்கப் கூடும். கூடவே கரும்புகையும் கூடும், மைலேஜ் குறையும்.

அது இன்லைன் பம்ப்பின் காலம். சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர், அதிலிருந்து டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு ஒரு குழாய். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயரே பலருக்குப் பம்ப்பின் பெயராக இருந்தது. அந்த நிறுவனம் 2008-இல் 'பாஷ்' ஆனது. பிறகு பம்ப்பும் மாறியது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4 மாசு விதி வந்தபோது பல லாரிகளிலும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காமன் ரெயில் குடியேறிவிட்டது.

இதில் பம்ப்புக்கு ஒரே வேலைதான்: டீசலை அழுத்தி 'ரெயில்' என்னும் தடித்த குழாயில் நிரப்பி வைப்பது. எந்த சிலிண்டருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்து இன்ஜெக்டரைத் திறக்கும். பழைய நாசில் திறக்க 200, 250 பார் அழுத்தம் போதும். ரெயிலிலோ 1,600 பாரும் அதற்கு மேலும் நிற்கும். லாரி டயரில் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இது சுமார் 200 மடங்கு.

பழைய பழக்கம் ஆபத்தாவது இங்கேதான். டீசல் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், இன்ஜினைச் சுழலவிட்டபடியே நாசில் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது லாரிக்காரர்களின் கைப்பழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிபோலத்தான் தெரியும்; உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. இன்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்கச் சில நிமிடம் காத்திருந்த பிறகே எந்த நட்டிலும் ஸ்பானர் வைக்கலாம்.

பம்ப்பின் நிஜமான எதிரி தூசியும் தண்ணீரும். உள்ளே உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டீசலேதான் அவற்றுக்கு மசகு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தாலோ தண்ணீர் இறங்கினாலோ உலோகம் உலோகத்தோடு உரசித் துகளாகும். அந்தத் துகள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் என எங்கும் பரவும். அதன்பின் பம்ப்பை மட்டும் மாற்றுவது பணத்தைக் கரைப்பதற்குச் சமம். டேங்க்கையும் குழாய்களையும் கழுவி, இன்ஜெக்டர்களையும் சோதித்த பிறகே புதுப் பம்ப்பை ஏற்ற வேண்டும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரிகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். துளைபோடும் இடத்துத் தூசியிலேயே நின்று, பேரல் டீசலைக் குடிக்கும் வண்டிகள் அவை.

டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்களும் இதே கதையில் வருகிறார்கள். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் காரில் டேங்குக்குள் ஒரு பம்ப், இன்ஜினில் கேம்ஷாஃப்ட் தள்ளும் உயர் அழுத்தப் பம்ப் என்று இரண்டு. கம்ப்யூட்டரை ரீமேப் செய்து டர்போ காற்றை ஏற்றினால், கூடுதல் பெட்ரோலும் வந்தாக வேண்டும். பழைய பம்ப்பால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறையும், கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் 'நாக்' அடிக்கும், பிஸ்டனே உடையலாம். உயர் அழுத்தப் பம்ப்பை மட்டும் பெரிதாக்கினாலும் பயனில்லை. டேங்க் பம்ப் அதற்குத் தீனி போட வேண்டுமே! தயாரிப்பாளர் தந்த வடிவத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதித்திருப்பதையும் செலவு செய்யும் முன்பே யோசிக்க வேண்டும்.

லாரிக்கு இன்று செய்யத்தக்க உண்மையான மேம்பாடு, நல்ல ஃபில்டரை உரிய கிலோமீட்டரில் மாற்றுவதுதான். அடுத்த லோடு ஏற்றும் முன், ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.